திருமலையில் ஒரு பயான்

இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு என் மருந்துக்கடைக்கு முன்னால் ஒரு விளம்பர வண்டி வந்து நின்றது. கல்முனைக் கடற்கரையில் கார்னிவல் தொடங்கியிருக்கிறதாம். ராட்டினம், பேய்வீடு, மரணக் கிணறு என்று ஒலிபெருக்கியில் ஒருவன் அடுக்கிக்கொண்டே போனான். கிளம்பும்போது வண்டியின் என்ஜின் இரண்டு தரம் இருமி, பெற்றோல் புகையைக் கடைக்குள் தள்ளிவிட்டுப் போனது. மருந்து வாசமும் பெற்றோல் வாசமும் சேர்ந்தால் அது நீ வந்து நிற்கிற வாசம். கையிலிருந்த குளிசை அட்டையை அப்படியே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன், மச்சான். வாசலில் ஒருவரும் இல்லை.

உனக்கு எழுதுவதென்றால் ஸலாம் சொல்லித்தான் தொடங்க வேண்டும். நம் ஊர் மையவாடியில் நீ கிடந்திருந்தால் வெள்ளிக்கிழமைகளில் வந்து, வேலிப்பக்கம் நின்று, சொல்லிவிட்டுப் போயிருப்பேன். உன்னை அடக்கியது மக்காவில். அங்கே பெயர்கூட எழுதுவதில்லை என்கிறார்கள். அதனால் கடையின் மருந்துச்சீட்டுக் கொப்பியில் பின்பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, நிந்தவூரில் இருந்தபடியே ஸலாம் சொல்கிறேன். வந்து சேர்ந்தால் சந்தோஷம்.

நீ என்னிடம் கடைசியாகக் கேட்டது ஒரு சொல்தான். பணமில்லை, பொருளில்லை, ஒரு சொல். நான் தரவில்லை. பகிடிக்குத்தான் தராமல் வைத்தேன் என்று இத்தனை மாதமாக எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். முழுக்கவும் பகிடி இல்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைப்பற்றிக் கதைக்க வேறு ஆளும் எனக்கு இல்லை.

நீ சாய்ந்தமருது ஊர்க்காரன். நம் பகுதி வழக்கப்படி பெண் வீட்டுக்கு மாப்பிள்ளையாக நிந்தவூருக்கு வந்து, எங்கள் பின்தெருவில் குடியேறியவன். கலியாணம் முடிந்து ஐந்தாறு நாள் இருக்கும். படகு என்ஜின் திருத்துகையில் கை வெட்டுப்பட்டு, இரத்தம் சொட்டச் சொட்டக் கடைக்கு வந்தாய். என்ன வெட்டியது, இரும்பா, ஏற்பு ஊசி போட்டதா என்று நான் கேட்க வேண்டும். கேட்கத் தொடங்கினால் முதல் எழுத்திலேயே நாக்கு இழுத்துக்கொண்டது. சின்ன வயதிலிருந்து எனக்குத் திக்குவாய். கடைக்கு வருகிறவர்கள் நல்ல மனுஷர்கள். நான் தடுமாறினால் மீதிச் சொல்லை அவர்களே சொல்லி முடித்துத் தருவார்கள். உதவி என்றுதான் அவர்கள் நினைப்பு. நீ அப்படிச் செய்யவில்லை. இரத்தம் கண்ணாடி அலுமாரியில் சொட்டிக்கொண்டிருக்க, நான் சொல்லி முடிக்கும்வரை முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாய். முடித்த பிறகு, "ஓம், இரும்புதான். ஊசி போட்டு நாலு வரிசம் இரிக்கும்" என்றாய். என்னைச் சொல்லி முடிக்கவிட்ட முதல் ஆள் நீ. கொஞ்ச நாளில் உன்னோடு பேசும்போது மட்டும் என் நாக்கு இழுக்காமல் போனது. ஏனென்று நான் ஆராயவில்லை.

அட்டாளைச்சேனையில் ஆசிரியர் பயிற்சிக்குப் போய், பாதியில் விட்டுவிட்டு வந்தவன் நான் என்பதை உனக்கு மட்டும்தான் சொன்னேன். பயிற்சிக்காக வகுப்பு எடுக்க நிறுத்தினார்கள். நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் ஸலாம் சொன்னேன். அதற்கப்பால் ஒரு சொல் வரவில்லை. சோக்கட்டியை மேசையில் வைத்துவிட்டு, நடந்து வந்து, பஸ் ஏறிவிட்டேன். வாப்பாவின் மருந்துக்கடை இருந்தது, பிழைத்தேன். இதைக் கேட்டுவிட்டு நீ ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "சோக்கட்டியயாவது கொண்டந்திரிக்கலாம்" என்றாய். எனக்கு அது பிடித்திருந்தது.

திருமலை என்று நாம் சொல்கிற திருகோணமலைக் கதையைத் தொடங்கியது நீதான். அந்த வருஷம் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அடுத்த நாள் என் வீட்டுக்கு வந்து, முற்றத்தில் நின்றபடியே சொன்னாய்.

"மச்சான், திருமலக் கடற்கரையில கார்னிவல் போட்டிரிக்கானாம். மரணக் கிணறு இரிக்காம். ரெண்டு கையையும் விட்டுட்டுச் செவத்தில மோட்டச்சைக்கிள் ஓடுறானாம். அந்த என்ஜின் எப்பிடி நிக்காம ஓடுது எண்டு நான் பாக்கணும்."

"எங்க தங்குற?" என்றேன். பெருநாள் லீவு, கார்னிவல் வேறு. அந்தக் கடற்கரையில் ஓர் அறை எடுக்கிற காசுக்கு நம் இருவர் வீட்டிலும் ஒரு கிழமை உலை கொதிக்கும்.

"றூம் என்னத்துக்கு? அல்லாட வீடு இரிக்கே."

அப்படித்தான் இரண்டு சாரம், ஒரு சுருட்டின பாய், என் மனைவி கட்டித் தந்த இடியப்பமும் பொரித்த மீனும், உன் வீட்டிலிருந்து ஒரு பொதி தொதல் என்று, ஸுபஹ் தொழுத கையோடு சிவப்பு பஸ்ஸில் ஏறினோம். மட்டக்களப்புத் தாண்டி, வாகரை தாண்டி, ஆறு ஆறாகக் கடந்து போகிற அந்தப் பாதையில் ஒவ்வொரு பாலத்துக்கும் நீ யன்னலால் தலையை நீட்டிக் கீழே கட்டியிருந்த படகுகளின் என்ஜின்களைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டினாய். ஒன்றுகூட எனக்கு விளங்கவில்லை. விளங்கின மாதிரித் தலையாட்டினேன்.

லுஹர் தொழுகைக்குக் கடற்கரைப் பக்கத்துப் பள்ளிவாசல் ஒன்றுக்குள் போனோம். தொழுதுவிட்டு மூலையில் பாயை வைக்கும்போது, வெள்ளைத் தாடியோடு ஒரு பெரியவர் வந்து ஸலாம் சொன்னார். பள்ளிப் பொறுப்பாளர். எல்லாரும் ஹாஜியார் என்றார்கள்.

"அக்கரப்பத்து ஜமாஅத்தா?" என்று கேட்டார்.

நம் பகுதியிலிருந்து ஊர் ஊராகப் போய்ப் பள்ளிகளில் தங்கி மார்க்கம் எடுத்துச் சொல்கிற ஒரு கூட்டத்தை அன்றைக்கு அவர்கள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாரமும் தொப்பியும் சுருட்டின பாயுமாக நாம் போய் நின்றோம். மனுஷன் வேறு என்னத்தை நினைப்பார்? 'இல்லை' என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அந்த 'இ' வந்து சேருவதற்குள் நீ, "ஓம் ஹாஜியார், அந்தப் பக்கம்தான்" என்றுவிட்டாய்.

"ரெண்டு பேர்தானா?"

"மத்தவங்க பின்னால வாறாங்க."

பசியில் சொல்லியிருப்பாய் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். உடனே ஸஹன் வைத்துவிட்டார்கள். பெருநாள் இறைச்சியும் சோறும். ஒரே தட்டைச் சுற்றி ஹாஜியாரோடும் இன்னும் மூன்று பேரோடும் இருந்து சாப்பிட்டோம். அந்த மற்றவர்கள் வருகிறார்களா என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ ஈரலை எடுத்து என் பக்கம் தள்ளினாய்.

அஸரைத் தொழுதுவிட்டு நைசாக வெளியேறினோம். அந்த இரண்டு மணித்தியாலத்தை நான் இன்னும் எத்தனையோ தரம் நினைத்திருக்கிறேன், மச்சான். பலகையால் அடித்த பெரிய பீப்பா ஒன்றுக்கு மேலே ஏறி நின்று சனம் கீழே பார்க்கிறது. உள்ளே ஒரு சிங்களப் பெடியன் மோட்டார் சைக்கிளை முறுக்குகிறான். நீ டிக்கட் வரிசையில் நின்றபடியே காதைச் சாய்த்துக் கேட்டாய். "இது சரியில்ல. காபரேட்டர்ல ஊத்த பட்டிரிக்கி. மேல போகக்குள்ள அமந்தா ஆள் சரி" என்றாய். சொன்னதோடு நிற்கவில்லை. படிக்குக் கீழே நுழைந்து போய், உனக்குத் தெரிந்த பத்துச் சிங்களச் சொல்லையும் 'மல்லி, மல்லி' என்று தம்பி முறை சொல்லிக் கூப்பிடுவதையும் வைத்து அவனை மடக்கிவிட்டாய். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தி, அவனுடைய திருகுசாவிகளாலேயே காபரேட்டரைக் கழற்றி, ஊதி, துடைத்துப் பூட்டினாய். அதற்குப் பிறகு நம்மிடம் யாரும் டிக்கட் கேட்கவில்லை. மூன்று காட்சி பார்த்தோம். மூன்றாவது காட்சியில் அவன் இரண்டு கையையும் விட்டுச் சுவரில் சுற்றி வரும்போது உன்னைப் பார்த்துச் சிரித்தான். பலகை அதிர்ந்தது. நீ கத்தவுமில்லை, கைதட்டவுமில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு என்ஜினையே கேட்டுக்கொண்டு நின்றாய்.

வளையம் எறிகிற கடையில் நீ பத்து எறிந்து பத்தும் தவறியது. நான் எறிந்த இரண்டாவது வளையம், சிவப்பில் பூப்போட்ட ஒரு சுடுதண்ணீர்ப் பிளாஸ்கின் கழுத்தில் போய் விழுந்தது. "கண்ணும் கையும் இவ்வளவு சரியா இரிக்கி. ஒனக்கு வாய் என்னத்துக்கு?" என்றாய். அந்தப் பிளாஸ்கை மாப்பிள்ளைத் தட்டு மாதிரிப் பிடித்துக்கொண்டு மஃரிபுக்குப் பள்ளிக்கு வந்தோம். ஹாஜியார் அதைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். ஜமாஅத்துக்காரர் தேத்தண்ணிக்குப் பிளாஸ்க் கொண்டு திரிவது வழக்கம்தானே.

மஃரிப் முடிந்து ஸலாம் கொடுத்த கையோடு அவர் எழும்பி, "வந்திருக்கிற ஜமாஅத்தில் ஒருவர் பயானாக ரெண்டு வார்த்தை சொல்லுவார். எல்லாரும் இரிங்க" என்றார். பிறகு நம் இருவரையும் பார்த்தார். அந்த நேரம் நீ என்ன செய்தாய்? என் முதுகில் கையை வைத்து, "இவருதான் ஹாஜியார்" என்றாய்.

நான் எழும்பினேன். எழும்பாமல் இருந்திருக்கலாம், ஓடியிருக்கலாம். எழும்பிவிட்டேன். ஐம்பது அறுபது பேர். ஸலாம் சொன்னேன், அறபுச் சொற்களில் எனக்கு இழுக்காது. இறைவனைப் புகழும் ஹம்தும் நபிக்கான ஸலவாத்தும் வந்தன. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. மின்விசிறி சுற்றுகிறது. அட்டாளைச்சேனை வகுப்பறை அப்படியே என் முன்னால் வந்துவிட்டது. எல்லாரும் நான் சொல்லப் போவதற்காகத் தலையைக் குனிந்துகொண்டு காத்திருக்கிறார்கள். முன்வரிசையில் இருந்த உன்னைப் பார்த்தேன். நீ முகத்தை மடியில் புதைத்திருந்தாய். தோள் இரண்டும் குலுங்கின. நீ சிரிக்கிறாய். பக்கத்திலிருந்த வயதானவர் நீ அழுவதாக நினைத்து, உன் முதுகைத் தடவி, தானும் கண்ணைத் துடைத்தார். அதைப் பார்த்து அடுத்த வரிசையில் இரண்டு பேர் அழத் தொடங்கினார்கள்.

கடைசியில் ஒவ்வொரு சொல்லாகப் பிடுங்கி நான் சொன்னது இவ்வளவுதான்: "நாங்க ப... பஸ்ஸில வந்தம். நாளைக்கு பஸ்ஸிலயே போயிருவம். இஞ்ச ஆரும் தங்கிறதுக்கு வரல்ல."

சொல்லிவிட்டு இருந்துவிட்டேன். பள்ளி முழுக்க "ஸுப்ஹானல்லாஹ்" என்றது. ஹாஜியார் வந்து என் கையைப் பிடித்து, இவ்வளவு சுருக்கமாக மரணத்தைப் பற்றி யாரும் சொல்லித் தான் கேட்டதில்லை என்றார். நான் பஸ்ஸைப் பற்றித்தான் சொன்னேன்.

அதோடு முடிந்திருந்தால் அது நல்ல பகிடி. நீ வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பாய், நானும் சிரித்திருப்பேன். ஆனால் இஷாத் தொழுகைக்கு உண்மையான ஜமாஅத் வந்துவிட்டது. பத்துப் பன்னிரண்டு பேர், பாயும் பிளாஸ்கும் பெட்டியுமாக. ஹாஜியார் அவர்களைப் பார்த்தார், நம்மைப் பார்த்தார். "அப்ப நீங்க?" என்றார்.

"கார்னிவல் பாக்க வந்த ஹாஜியார்" என்றாய் நீ, தலையைக் குனிந்துகொண்டு.

வந்தவர்களில் ஒருவன் என்னை உற்றுப் பார்த்தான். பயிற்சிக்காலத்தில் என்னோடு ஒரே விடுதியில் இருந்தவன். "இவரா பயான் செஞ்ச?" என்று சத்தமாகக் கேட்டான். "இவர் நம்மட கொன்னையன்தானே. வகுப்பெடுக்க ஏலாம சோக்கட்டியப் போட்டுட்டு ஓடின ஆள்." அவன் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆனால் சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சற்றுமுன் கண்ணைத் துடைத்த அந்த வயதானவரும் சிரித்தார். ஹாஜியார் மட்டும் சிரிக்காமல், "முசாபிர் முசாபிர்தான், பயணத்தில வந்தவங்க, படுங்க" என்று சொல்லி எனக்கு ஒரு தலையணை கொண்டு வந்து தந்தார். அந்தத் தலையணையில் நான் முகத்தை மறைத்துக்கொண்டு படுத்தேன்.

அடுத்த நாள் காலை கடற்கரையில் இருந்தோம். கார்னிவல் கூடாரங்கள் மூடிக் கிடந்தன. திருமலைக் கடற்கரையில் திரிகிற மான்கள் வந்து, நேற்றைய கூட்டம் போட்டுவிட்டுப் போன கடலைத் தாள்களை மோந்துகொண்டிருந்தன. நீ எங்கோ போய்ப் பிளாஸ்க் நிறைய இஞ்சித் தேத்தண்ணி வாங்கி வந்து, மூடியில் ஊற்றி என்னிடம் நீட்டினாய். நான் வாங்கவில்லை.

"மச்சான், மன்னிச்சிரு."

"மாட்டன்."

"டேய்."

"மறுமையிலயும் மாட்டன்."

நீ மூடியை மணலில் வைத்தாய். பிறகு சொன்னாய்: "நான் ஒண்டு நினைச்சன் மச்சான். இந்த ஊர்ல ஒன்ன ஒருத்தருக்கும் தெரியா. தெரியாத ஆக்களுக்கு முன்னால கதைச்சா ஒன்ட நாக்கு அவிழும் எண்டு நினைச்சன். எனக்கிட்ட கதைக்கக்குள்ள இழுக்கல்லதானே."

"மறுகா என்னத்துக்குச் சிரிச்ச?"

"பஸ்ஸில வந்தம் எண்டாய். நான் என்ன செய்ற?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் வயிறு நோகச் சிரித்தோம். தேத்தண்ணி ஆறிப்போனதைக் குடித்தேன். ஆனால் மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. நீ சொன்ன காரணத்தை அன்றைக்கு நான் நம்பவில்லை. மாட்டிக்கொண்ட பிறகு கட்டின கதை என்றே நினைத்தேன். ஒரு மனுஷன் இன்னொரு மனுஷனுடைய நாக்குக்காக அவ்வளவு தூரம் யோசிப்பான் என்று நினைக்க எனக்குப் பழக்கமில்லை.

அதற்குப் பிறகு பதினொரு வருஷம் அது நம் இருவருக்கும் இடையில் ஓடிய வழக்கு. பெருநாள் தொழுது கட்டிப்பிடிக்கும்போது காதுக்குள் கேட்பாய், "கேஸ் என்ன மாதிரி?" என்று. "நடக்குது" என்பேன். உன் மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் கேட்டாய். என் வாப்பாவை அடக்கிவிட்டு வரும்போது, நான் ஒருவரோடும் பேசாமல் நடந்தபோது, அப்போதும் கேட்டாய். "தீர்ப்பு எப்ப?" "மறுமையில." அந்த ஒரு சொல்லைச் சொன்னதால்தான் அன்றைக்கு எனக்கு மூச்சு வந்தது. அதனால் அந்த வழக்கை முடிக்க எனக்கு மனமில்லை என்பதும் உண்மை. அதற்குள்ளே அந்த இஷாச் சிரிப்பு இன்னும் ஒரு முள்ளாகக் கிடந்ததும் உண்மை. இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

சென்ற வருஷம் நீ மக்காவுக்கு, உம்றாப் பயணம் புறப்பட்டாய். உன் கைராசிக்கு எத்தனையோ படகு என்ஜின் உயிர்பிடித்தது, அந்தக் கூலியை எல்லாம் சேர்த்துப் புறப்பட்டாய். நம் ஊர் வழக்கப்படி ஒரு கிழமையாக வீடு வீடாகப் போய்ப் பயணம் சொன்னாய். அறிந்தும் அறியாமலும் செய்ததை மன்னிக்கச் சொல்லி ஒவ்வொருவர் கையையும் பிடித்தாய். கேட்கிறவர்கள், "மன்னிச்சம், எங்களுக்கும் துஆக் கேளுங்க" என்று சொல்லி அனுப்புவார்கள். அது ஒன்றும் பெரிய காரியமில்லை. யாரும் யோசித்துச் சொல்வதில்லை. ஒரு மூச்சில் முடிகிற சொல்.

என் கடைக்குக் கடைசி ஆளாக வந்தாய். புது வெள்ளைச் சேட்டு. பெற்றோல் வாசம் இல்லை, அத்தர் வாசம். பிரஷர் குளிசைகளைக் காலை, இரவு என்று எழுதித் தனித்தனி உறையில் போட்டு வைத்திருந்தேன். அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, என் இரண்டு கையையும் பிடித்தாய்.

"மச்சான், இது பகிடி இல்ல. தெரிஞ்சும் தெரியாமலும் என்னென்னவோ செஞ்சிரிப்பன். திருமலையையும் சேத்து மன்னிச்சிரு."

உன் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்க்க எனக்கு ஏலவில்லை. கடையில் இரண்டு பேர் மருந்துக்கு நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் நானும் அழுதுவிடுவேன் என்று பயந்தேன். பயந்து, பழைய பகிடிக்குள் போய் ஒளிந்துகொண்டேன். "அது மட்டும் ஏலா. போய்ட்டு வா. வந்த பிறகு பாப்பம்" என்றேன்.

நீ கையை விடவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாய், முதல் நாள் இரத்தம் சொட்ட நின்ற மாதிரி. இன்னும் ஏதோ சொல்லப் போகிறேன், இழுக்கிறது, முடிக்கட்டும் என்று காத்திருந்தாய். நான் முடித்துவிட்டேன் என்று விளங்க உனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு சிரித்தாய். "சரி, வந்து வாங்கிக்கிறன்" என்று சொல்லி இறங்கிப் போனாய். ஸ்டார்ட் எடுக்கும்போது உன் மோட்டார் சைக்கிளின் சத்தத்தைக் கேட்டேன். அதில் ஒரு குறையும் இல்லை.

ஒன்பதாம் நாள் செய்தி வந்தது. நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே எல்லாம் முடிந்ததாம். அங்கேயே தொழுவித்து அங்கேயே அடக்கிவிட்டார்கள். ஊரில் எல்லாரும் என்ன சொன்னார்கள் தெரியுமா? கொடுத்து வைத்தவன் என்றார்கள். அந்த மண்ணில் மௌத்தாக எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்றார்கள். உன் மனைவியிடமும் அதையே சொன்னார்கள். அவள் தலையாட்டிக்கொண்டு இருந்தாளாம். மார்க்கத்தில் அது சரி. எனக்கும் தெரியும். ஆனாலும் சொல்கிறவன் வாயில் அடிக்க வேண்டும் போல இருந்தது எனக்கு. நீ எனக்கு இஞ்ச வேண்டும், மச்சான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு உனக்காகக் காயிப் ஜனாஸா தொழுதோம். மையித்து இல்லாத தொழுகை. முன்னால் வெறும் சுவர். தொழுகைக்கு முன் உன் மனைவியின் மூத்த சகோதரர், நாம் காக்கா என்று கூப்பிடுகிறவர், ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "எங்கட மச்சான்ட விஷயத்தில ஆருக்கும் ஏதும் மனக்குறை இரிந்தா, அல்லாவுக்காக மன்னிச்சிருங்க" என்றார். "மன்னிச்சம், மன்னிச்சம்" என்று பள்ளி முழுக்க முணுமுணுத்தது. உன்னோடு ஒரு நாளும் பேசியிராதவர்கள்கூடச் சொன்னார்கள். நான் மூன்றாம் வரிசையில் நின்றேன். வாயைத் திறந்தேன். முதல் எழுத்தில் உதடு ஒட்டிக்கொண்டது, திறக்கவில்லை. காக்கா 'ஜஸாகல்லாஹ்' சொல்லி ஒலிவாங்கியை விட்டு விலகிவிட்டார். தக்பீர் கட்டிவிட்டார்கள். நானும் கட்டினேன். நான்கு தக்பீருக்குள்ளும் அந்த ஒரு சொல்லைத்தான் தள்ளிக்கொண்டு நின்றேன். ஸலாம் கொடுத்தபோதும் அது வெளியே வரவில்லை.

உன்னோடு போன கூட்டம் திரும்பி வந்தது. அதில் ஒரு பெரியவர், உன் அறையில் தங்கியவர், ஸம்ஸம் தண்ணீரும் ஈச்சம்பழமும் கொண்டு கடைக்கு வந்தார். உன் குளிசை உறைகளையும் கொண்டு வந்திருந்தார். ஒன்பதாம் நாள் காலை வரை ஒரு குளிசை தவறாமல் எடுத்திருந்தாய். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்து அவர் இதையும் சொன்னார்: "மௌத்தாகிறதுக்கு முதல் நாள் தேத்தண்ணி குடிக்கக்குள்ள சிரிச்சிச் சிரிச்சிக் கதைச்சவரு. ஊருக்குப் போனா முதல் வேலை ஒண்டு இரிக்கி, ஒருத்தன் எனக்கிட்ட மன்னிச்சிட்டன் எண்டு சொல்லணும், வாங்காம உடமாட்டன் எண்டவரு. ஆரு தம்பி அது?"

ஆரென்று நான் சொல்லவில்லை. சொல்ல வந்தாலும் வந்திருக்காது. அவர் போன பிறகு கடையின் முன்கதவைப் பாதி இழுத்துவிட்டு, பின்னால் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் இருந்து அழுதேன். திருமலையில் நீ சொன்ன காரணம் உண்மைதான் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. பகிடிக்காக என்னை எழுப்பிவிட்டிருந்தால், பதினொரு வருஷம் அதை மனதில் வைத்துக்கொண்டு, கஃபாவுக்குப் பக்கத்தில் போய் நின்றும் அதை நினைத்திருப்பாயா? எனக்கு நல்லதென்று நினைத்துத்தான் செய்தாய். அது பிழையாய்ப் போனது. அவ்வளவுதான் நடந்தது.

அதற்கு ஒரு மாதம் கழித்து, எங்கள் பகுதியில் ஒரு வயோதிபர் மௌத்தானார். உனக்கும் தெரிந்த ஆள்தான். எல்லையில் ஒரு முழத்துக்காக அயல் முழுவதோடும் சண்டை பிடித்தவர். ஜனாஸாவைப் பள்ளியில் வைத்திருந்தார்கள். அவருடைய மகன் எழும்பி வாப்பாவுக்காக மன்னிப்புக் கேட்டான். வழக்கமாக உடனே எழும்புகிற முணுமுணுப்பு எழும்பவில்லை. ஒவ்வொருவனும் மற்றவன் சொல்லட்டும் என்று நின்றான். அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறான். அவன் கைவிரல்கள் சட்டை நுனியைப் பிடித்துத் திருகுவதைப் பார்த்தேன். எப்படியென்று தெரியாது, என் வாய் திறந்தது.

"ம... ம... ம..." என்று தொடங்கினேன். முன்வரிசைகள் திரும்பிப் பார்த்தன. சிரிப்பு வரும் என்று காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நின்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவரும் எனக்காக முடித்துத் தரவுமில்லை. பள்ளி முழுக்கக் காத்திருந்தது. "மன்னிச்சிட்டன்" என்று சத்தமாகச் சொல்லி முடித்தேன். பிறகுதான் மற்றவர்கள் சொன்னார்கள்.

சிவப்பில் பூப்போட்ட பிளாஸ்க் இப்போதும் கடை மேசையில் இருக்கிறது. உள்கண்ணாடி ஒரு தரம் உடைந்து மாற்றினேன். இன்றைக்கு அந்த விளம்பர வண்டி போன பிறகு, அதிலிருந்து மூடியில் தேத்தண்ணி ஊற்றி உன் பக்கமாக வைத்துவிட்டு, இதை எழுத இருந்தேன். ஆறிவிட்டது. கல்முனைக் கார்னிவலுக்கு நான் போகமாட்டேன். என்ஜினைக் கேட்கத் தெரிந்த ஆள் இல்லாமல் மரணக் கிணற்றில் பார்க்க எனக்கு என்ன இருக்கிறது?

ஆனால் ஊரில் எந்த ஜனாஸா என்றாலும் கடையைப் பூட்டிவிட்டுப் போய் முன்வரிசையில் நிற்கிறேன். வீட்டார் மன்னிப்புக் கேட்டதும் முதலில் குரல் கொடுப்பது நான்தான். அது இப்போது ஊருக்குப் பழகிவிட்டது; நான் தொடங்கினால் மற்றவர்கள் பொறுத்திருக்கிறார்கள். முதல் எழுத்து இன்னும் இழுக்கிறது. இழுக்கிற அந்த நேரமெல்லாம், கிடத்தியிருக்கிற மையித்து யாருடையதாக இருந்தாலும், என் முன்னால் வெள்ளைச் சேட்டோடு நின்று என் கையைப் பிடித்துக்கொண்டு முகத்தைப் பார்த்திருப்பது நீதான். நான் சொல்லி முடிக்கிறேன். நீ கையை விடுகிறாய்.